ஏர்வாடிக்குப் போனேன், ராட்டினம் ஏறினேன்!

"அக்கா, நீ ஒரு நடை போய் அவனைக் கையோட கூட்டிக்கிட்டு வந்துடு. நான் சொன்னா கேக்க மாட்டான். பெரியம்மான்னா அவனுக்குக் கொஞ்சம் பயம் உண்டு."

பாம்பனிலிருந்து என் தங்கை போனில் அழுதபோது எனக்கு முதலில் விஷயமே புரியவில்லை. பையன் படகேறிப் போய், எல்லை தாண்டினான் என்று இலங்கைக் கடற்படையிடம் மாட்டிக்கொண்டானோ என்றுதான் வயிற்றைக் கலக்கியது. ராமேஸ்வரம் பக்கத்து அம்மாக்களுக்கு அந்தப் பயம் எந்நாளும் மடியில் கட்டிய நெருப்புதான். கடைசியில் பார்த்தால், பையன் ராட்டினம் சுற்றும் வேலைக்குப் போய்விட்டானாம்!

"இதுக்கா இந்த அழுகை?" என்று கேட்டுவிட்டேன். தங்கைக்கு வந்ததே கோபம்! "ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் படிச்ச பிள்ளை, சர்க்கஸ்காரன் கணக்கா ஊர் ஊரா அலையறதா? நாளைக்கு எவன் பொண்ணு கொடுப்பான்? அதுல யாராவது கீழே விழுந்து வச்சா போலீஸ் இவனையில்ல புடிக்கும்?" என்று பொரிந்து தள்ளினாள்.

அவள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. தங்கை வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15-ஆம் தேதியிலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக விசைப்படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். படகு கரையில் நின்றால் வீட்டில் உலையும் மெதுவாகத்தான் கொதிக்கும். அந்த நேரம் பார்த்துப் பத்தொன்பது வயசுப் பையன், யாரோ கூட்டாளி சொன்னான் என்று, ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு வந்த ராட்டினக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

நான் மதுரையில் ரயில் ஏறினேன். மானாமதுரை, பரமக்குடி தாண்டியதும் மண்ணின் நிறமே மாறிவிடும். வெளுத்த மண், குடை பிடித்தாற்போல உடைமரம், கண்ணுக்கு எட்டியமட்டும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை. மண்டபத்தை நெருங்கும்போது ஜன்னல் வழியாக உப்புக்காற்று முகத்தில் அடித்ததும், அறுபது வயது தாண்டிய நான் மறுபடி பாவாடை கட்டிய சிறுமியாகிவிட்டேன். நான் பிறந்த ஊராச்சே!

புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போகிறது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த பாலம் இது. நடுவில் உள்ள பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே ஏறிக் கப்பலுக்கு வழிவிடும். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அந்தப் பழைய பாலத்தில்தான் எங்கள் அப்பா வேலை பார்த்தார். ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் அழைக்கப்பட்ட அந்தத் தூக்குப் பாலத்தை, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, இரும்புக் கம்பியை நெம்பி நெம்பிக் கையால்தான் திறப்பார்கள். அப்பாவின் உள்ளங்கை பனைமட்டை மாதிரி காய்த்திருக்கும்.

காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் சிக்னல் சிவப்பாகிவிடும், வண்டி கிளம்பக் கூடாது என்று அந்தப் பாலத்துக்கு ஒரு விதி இருந்தது. "காத்து அடிச்சா கவர்னர் வந்தாலும் நிக்கத்தான் வேணும்" என்பார் அப்பா. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போனபோது எனக்கு ஐந்து வயது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் வண்டி, ஊருக்குச் சற்று முன்னால் சிக்னல் கிடைக்காமல் நின்றது, பிறகு மெதுவாக நகர்ந்தது, அலை வந்து மூடிவிட்டது என்று சொல்வார்கள். வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அப்பா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, அவள் கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தோடு மறுநாள் ராமநாதபுரம் வந்து, ஏர்வாடி தர்கா பஸ்ஸில் ஏறினேன். திருப்புல்லாணி விலக்கு, கீழக்கரை என்று போகிற பாதை. பஸ்ஸில் தலையில் பூ வைத்த பெண்களும் முக்காடு போட்ட பெண்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சந்தனக்கூட்டுக்குத்தான். துல்கஃதா மாதத்தில், பாதுஷா சுல்தான் சையது இபுராஹிம் ஷஹீது அடக்கமான தர்காவில் நடக்கிற விழா இது. இதில் சாதி, மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மாள், "எங்க வீட்டு மூத்தவனுக்கு மொட்டை போடறதா நேந்துக்கிட்டேன்" என்று சொல்லி, எனக்கும் ஒரு பிடி பொரி கொடுத்தாள்.

தர்காவைச் சுற்றி ஊதுபத்தி வாசம், மல்லிகைப்பூ, அல்வாக் கடை, வளையல் கடை. மனநலம் சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களையும் பார்த்தேன். ஒரு தாய், வளர்ந்த மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

பொட்டலில் தூரத்திலிருந்தே ராட்சத ராட்டினம் தெரிந்தது. பக்கத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் குடை ராட்டினம், ஆடும் கப்பல், பலூன் சுடும் கடை. நம்ம பிள்ளை எங்கே என்று தேடினால், எண்ணெய்ப் பிசுக்குச் சட்டையோடு ராட்டினத்தின் அடியில் குந்தியிருந்தான்! "பெரியம்மா!" என்று ஓடி வந்தவன் கையைத் துடைக்கப் பழந்துணி தேடினான். முகம் கறுத்திருந்தாலும் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்ததும் நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த திட்டெல்லாம் மறந்துபோயிற்று.

"என்னப்பா, சுவிட்ச் போடற வேலைக்கா இவ்வளவு எண்ணெய்?" என்றேன்.

"நீங்க வேற பெரியம்மா. வந்து பதினெட்டு நாளாச்சு. முதல் பத்து நாள் சுவிட்ச் பக்கமே என்னை விடலை."

பிறகு அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் நாள் கொடுத்த வேலை, ராட்டினத்தின் காலுக்கு அடியில் மரக்கட்டை அடுக்குவது. கடற்கரை மணல் இல்லையா? இன்று சமமாக இருப்பது நாளைக்கு ஒரு விரல்கடை இறங்கிவிடுமாம். அதனால் தினம் காலையில் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது போல்ட்டும் பின்னும். ஊருக்கு ஊர் கழற்றி மாட்டுகிற சக்கரம் என்பதால், ஒவ்வொரு பின்னையும் கையால் தொட்டு எண்ண வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, உப்புக்காற்றில் துரு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் கிரீஸ். பிறகு ஆளே ஏற்றாமல் பத்து நிமிஷம் வெறுமனே சுற்றவிட்டு, பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். "நேத்துக் கேக்காத சத்தம் இன்னிக்குக் கேட்டா நிப்பாட்டு. அவ்வளவுதான் பாடம்" என்று முதலாளி சொன்னாராம்.

முதலாளி விருதுநகர்ப் பக்கத்துக்காரர், நரைத்த மீசை. "வாங்கம்மா, பையனைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க? எல்லா வீட்டுலேருந்தும் ஒருத்தர் வருவாங்க" என்று சிரித்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, பையனுக்கு ஆள் ஏற்றுகிற முறையைப் பழக்கிக்கொண்டே என்னிடமும் பேசினார்.

நாமெல்லாம் ராட்டினத்தில் வரிசையாக ஏற்றி, ஒரு பெட்டி நிறைந்ததும் அடுத்த பெட்டி என்று போவதாகத்தானே நினைப்போம்? அப்படி இல்லையாம். ஒரு பெட்டியில் நாலு பேர் ஏறினால், அடுத்து அதற்கு நேர் எதிர்ப் பெட்டியைக் கீழே கொண்டுவந்து ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாகக் கனத்து, மோட்டாருக்கும் பிரேக்குக்கும் அடங்காமல் இழுக்கும். இறக்கும்போதும் அதே கணக்கு. தராசில் புளி நிறுக்கிற மாதிரிதான்.

"இத்தனையும் இருக்கட்டும்மா, முக்கியமானது ஒண்ணுதான். பெட்டிக்குக் கொண்டி மாட்டினவன், அதுல இருக்கறவங்க இறங்கற வரைக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒண்ணுக்குப் போறதா இருந்தாலும் இன்னொருத்தனை நிறுத்திட்டுத்தான் போகணும். போன் பையில கிடக்கணும்." அவர் தர்காப் பக்கம் கையைக் காட்டினார். "இந்த ஊர்ல நடந்தது உங்களுக்குத் தெரியாததா? பூட்டினவங்க திறந்துவிட அங்க இல்லையே."

எனக்குச் சுரீரென்றது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில், ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் கொட்டகை தீப்பிடித்ததில் 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. அந்தத் தனியார் காப்பகங்கள் மூடப்பட்டன. 'ராட்டினத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று ஒரு கணம் நினைத்தேன். நம் பிள்ளையைப் பெட்டியில் உட்காரவைத்துக் கொண்டி போட்ட நிமிஷத்திலிருந்து, அது தானாக இறங்க முடியாது. திறந்துவிட ஒருவன் அங்கே இருந்தே ஆக வேண்டும். சம்பந்தம் அதுதான்.

சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. பெரிய ராட்டினத்தின் வாசலில் ஒரு குச்சி நட்டு, அதில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தையை ஏற்றக் கூடாது. நல்ல உடுப்புப் போட்ட ஒருவர் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் மடியிலதானே உக்காரப் போகுது? நான் புடிச்சுக்க மாட்டேனா?" என்றார். நம்ம பையன், "இல்லீங்கண்ணே. பாப்பாவுக்கு அந்தக் குடை ராட்டினம் இருக்கு" என்றான். அவர் நாலு பேர் எதிரில், "ராட்டினம் சுத்தற பய எனக்குச் சட்டம் சொல்றியா?" என்று கத்தினார். என் பக்கத்து வீட்டுக்காரனை யாராவது அப்படிச் சொன்னாலே எனக்குப் பொறுக்காது. இவனோ தங்கை வயிற்றுப் பிள்ளை! நான் வாயைத் திறக்கப் போனேன். முதலாளி என் கையமர்த்தினார். பையன் காது சிவந்தது, குரல் உயரவில்லை. "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று சொல்லி, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வேலை பழகுவதென்றால் இதையும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

"வந்ததுக்கு நீங்களும் ஒரு சுத்து ஏறுங்க பெரியம்மா" என்றான் அவன். ஏறினேன்! பக்கத்தில் பரமக்குடியிலிருந்து வந்த இரண்டு பெண்கள். பையன் வந்து, "முந்தானையை இழுத்துச் செருகிக்குங்க. பின்னலை முன்னால போட்டுக்குங்க" என்று சொல்லி, கொண்டியை மாட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்து, அடுத்த பெட்டிக்குப் போனான். பெரியம்மா என்று ஒரு சிரிப்புக்கூட இல்லை.

மேலே போனதும், அடேயப்பா! ஒரு பக்கம் தர்கா முழுக்க விளக்கு, மறு பக்கம் மன்னார் வளைகுடா இருட்டில் கிடக்கிறது. கடலில் படகு விளக்குகள் அதிகமில்லை, தடைக்காலமாச்சே. இப்படி ஒரு சக்கரத்தை முதன்முதலில் பிரம்மாண்டமாகக் கட்டியவர் ஃபெரிஸ் என்ற அமெரிக்கர். 1893-இல் சிகாகோ பொருட்காட்சிக்காக 264 அடி உயரத்தில், 36 பெட்டிகளோடு கட்டினார். ஒவ்வொரு பெட்டியிலும் 60 பேர் ஏறலாம். பாலங்களுக்கான இரும்பைச் சோதிக்கும் தொழில் செய்தவராம் அவர். பாம்பன் தூக்குப் பாலத்துக்குப் பெயர் தந்த ஷெர்சர் சிகாகோக்காரர். அப்பா பிடித்த இரும்புக்கும் பேரன் பிடிக்கிற இரும்புக்கும் ஒரே ஊரோடு சம்பந்தம் இருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

அப்போதுதான் காற்று திரும்பியது. கச்சான் காற்று தொடங்குகிற பருவம். நடுத்தூணின் உச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணி, அதுவரை தொங்கிக் கிடந்தது, விறைத்துக்கொண்டு நீட்டியது. பெட்டி லேசாக ஆடியது. பக்கத்துப் பெண் "அல்லா!" என்றாள், இன்னொருத்தி "முருகா!" என்றாள், நான் இரண்டையும் சொன்னேன். சக்கரம் வேகம் குறைந்து, குலுங்காமல் நின்றது.

கீழே பார்த்தேன். சுவிட்சில் கை வைத்து நின்றது நம்ம பையன்தான். முதலாளி இரண்டடி பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பையன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தான். பிறகு ஒவ்வொரு பெட்டியாக இறக்க ஆரம்பித்தான். ஒன்று, அதற்கு எதிரே ஒன்று. என் பெட்டி கீழே வாசலைத் தொட்டுவிட்டுக் கடந்து போயிற்று! "டேய், நான்டா!" என்று கத்தினேன். "உக்காருங்க, எந்திரிக்காதீங்க. உங்க முறை வரும்" என்று மட்டும் சொன்னான். கடைசிக்கு முந்தின பெட்டியாகத்தான் என்னை இறக்கினான். கால் நடுங்கியது. கோபமும் வந்தது. ஆனால் மேலே இன்னும் ஒரு பெட்டியில் ஆள் இருந்ததைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. பெரியம்மாவை முதலில் இறக்கியிருந்தால் அவன் கணக்குத் தப்பியிருக்கும்.

வேடிக்கையைக் கேளுங்கள். கால் மணி நேரத்தில் காற்று படுத்துவிட்டது! வரிசையில் நின்ற கூட்டம் பாதி கலைந்துவிட்டது. விழாவின் நல்ல நேரத்தில் அரை மணி வருமானம் போயிற்று. பையன் முகம் சுண்டிவிட்டது. "அவசரப்பட்டுட்டேனோ அண்ணாச்சி?" என்று கேட்டான். முதலாளி பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான். வெறும் சக்கரமா ஒரு சுத்து விட்டுப் பாத்துட்டு ஆளை ஏத்து" என்று சொல்லிவிட்டு, காசைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு எண்ணிக் கொடுக்கப் போய்விட்டார்.

ராத்திரி மணலில் உட்கார்ந்து கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். "சென்னைப் பக்கத்துப் பெரிய பார்க்குகள்ல ஆபரேட்டர் வேலைக்கு எடுக்கறாங்க பெரியம்மா. அங்கேயும் முதல்ல கூடவே நின்னு பாக்கணும், அப்புறம் பெரியவங்க பக்கத்துல இருக்க ஓட்டணும், அவங்க சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் தனியா விடுவாங்களாம். ஒரு வருஷம் இங்க பழகிட்டு எழுதிப் போடறேன். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான். நான் கூட்டிவர வந்தவள் என்பது இரண்டு பேருக்குமே அப்போது ஞாபகமில்லை.

இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சகோதரிகளுக்கும் சொல்லிவிடுகிறேன். திருவிழா ராட்டினமோ பெரிய பார்க்கோ, குழந்தையை ஏற்றும் முன் இயந்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதன் பக்கத்தில் நிற்கிறவரையும் ஒரு நிமிஷம் கவனியுங்கள். கொண்டியைத் தொட்டு இழுத்துப் பார்க்கிறாரா? கண் மேலே இருக்கிறதா, போனில் இருக்கிறதா? உயரம் போதாது என்று சொன்னால், வாதாடாமல் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். துப்பட்டா, முந்தானை, அவிழ்ந்த பின்னல் எதுவும் வெளியே பறக்கக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே ஏற வேண்டாம். கர்ப்பிணிகள், இதய நோய், ரத்தக் கொதிப்பு, வலிப்பு, கழுத்து அல்லது முதுகுவலி உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் கீழேயே நின்று கையசைத்தால் போதும். நடுவில் நின்றுவிட்டால் எழுந்து நிற்காதீர்கள், குதிக்காதீர்கள். இறக்கிவிடுகிறவருக்கு ஒரு கணக்கு இருக்கும்.

மறுநாள் தனியாகத்தான் பாம்பன் திரும்பினேன். வாசலிலேயே நின்றிருந்த தங்கை, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை என்றதும் முகம் வாடிற்று. உள்ளே போய் உட்கார்ந்து, குச்சியில் போட்ட சிவப்புக் கோட்டிலிருந்து, என்னைக் கடைசிக்கு முந்தி இறக்கியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். காற்று வந்ததும் யாரையும் கேட்காமல் நிறுத்தினான் என்று சொன்னபோது, அவள் சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் கேட்டாள்:

"கருவாடு ஒழுங்கா சாப்பிட்டானா அக்கா?"